திரைக்குப் பின்னால் ஒருவர் தட்டச்சு செய்தால் அது செயல்விளக்கம் ஆகுமா?

கேள்வி: மஞ்சக்குப்பம் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற கல்வியாண்டில், வருங்காலத் தொழில்நுட்பத்தைப் பொதுமக்களுக்குச் செய்து காட்டுவதாகச் சொல்லி ஓர் ஆய்வுக் குழுவினர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை சொல்லும் ஓர் இயந்திரத்தை மேடையில் வைத்தார்கள். சுற்றியுள்ள பள்ளிகளின் மாணவர்களும், தேவனாம்பட்டினத்திலிருந்து பெற்றோர் சிலரும் வந்து அரங்கம் நிறைந்திருந்தது.

குழுவினர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இயந்திரம் தயங்காமல் விடை சொன்னது. பிறகு பார்வையாளர்களையும் கேட்கச் சொன்னார்கள். மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மைக்கை வாங்கி, "நாளைக்குக் கொண்டல் அடிக்குமா, எங்கப்பா கடலுக்குப் போலாமா?" என்று கேட்டாள். சற்று நேரம் ஓசையே இல்லை. அதன் பின், "நாளை மிதமான கிழக்குக் காற்று வீசும், கடலுக்குச் செல்லலாம்" என்று விடை வந்தது. அரங்கம் கைதட்டியது. ஆனால் அந்தப் பெண் நின்றிருந்த இடம் மேடையின் ஓரம். கறுப்புத் துணிக்குப் பின்னால் ஓர் இளைஞர் மடிக்கணினியில் அவசர அவசரமாகத் தட்டச்சு செய்ததையும், அவர் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்த பிறகே இயந்திரம் வாய் திறந்ததையும் அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், நேத்து பேசுனது மெஷினா, அந்த அண்ணனா?" என்று கேட்டாள்.

குழுவினரிடம் தொலைபேசியில் கேட்டேன். அரங்கில் இணைய இணைப்பு கிடைக்கவில்லை என்றும், மனிதர் ஒருவர் இடையில் இருந்து உதவுவது ஆய்வுலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான் என்றும் சொன்னார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் அந்த மாணவிக்கு இன்றுவரை என்னால் நேராக விடை சொல்ல முடியவில்லை. இவ்வாண்டு வேறொரு குழு பேச்சுக் கருவி ஒன்றையும், மருந்து தெளிக்கும் டிரோன் ஒன்றையும் கொண்டு வருகிறது. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். இத்தகைய காட்சிகளுக்கு என்ன நிபந்தனைகள் வைப்பது முறை என்பதைத் துறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: முத்தியால்பேட்டை பொறியாளர்

ஆசிரியர் ஐயா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணினித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த செயல்விளக்கம்தான் நினைவுக்கு வந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய 1,000 பேர் முன்னிலையில் 90 நிமிடங்கள் அமர்ந்து, திரையில் எழுத்துகளைத் திருத்துவதையும், ஒரு சொல்லைத் தொட்டு வேறோர் ஆவணத்துக்குத் தாவுவதையும், தொலைவில் உள்ளவரோடு ஒரே பக்கத்தில் சேர்ந்து வேலை செய்வதையும் செய்து காட்டினார். பொதுமேடையில் அவர் அன்று காட்டிய மவுஸின் முதல் மாதிரி, மரக்கட்டையில் குடைந்து செய்யப்பட்டது.

உங்கள் கேள்விக்குத் தேவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்த மேடையில் கணினியே இல்லை. அது ஏறக்குறைய 48 கிலோமீட்டர் தொலைவில், மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. மைக்ரோவேவ் இணைப்பு வழியாகப் படங்கள் அரங்குக்கு வந்தன. பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் அரங்கின் பின்புறத்தில் இருந்துகொண்டு எந்தக் காட்சி எப்போது திரைக்கு வர வேண்டும் என்பதைப் பார்த்துக்கொண்டார். ஆக, அங்கேயும் திரைக்குப் பின்னால் பலர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒளித்து வைக்கப்படவில்லை. மென்லோ பார்க்கில் இருந்த தோழர்களின் முகங்கள் பெரிய திரையிலேயே தோன்றின. அவர்கள் செய்த வேலை அவர்களுடைய வேலையாகவே காட்டப்பட்டது. இயந்திரம் செய்ததாகச் சொல்லப்பட்டதை இயந்திரமே செய்தது. மனிதர்கள் இருப்பதில் தவறே இல்லை. மனிதரின் வேலையை இயந்திரத்தின் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். காட்டப்பட்டது உண்மையா என்பது ஒரு கேள்வி, அது நம் வீட்டுக்கு வருமா என்பது வேறு கேள்வி. 1968-இல் மேடையேறிய மவுஸ், 1984-இல் மெக்கின்டாஷ் கணினியோடு வந்த பிறகுதான் சாதாரண மக்களின் மேசைக்குப் பரவத் தொடங்கியது. மாறாக, 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் முகம் பார்த்துப் பேசும் பிக்சர்ஃபோன் காட்டப்பட்டது. அதில் எந்தப் பொய்யும் இல்லை, கருவி நன்றாகவே வேலை செய்தது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலர் கட்டணத்தில் விற்பனைக்கும் வந்தது. எதிர்முனையில் இருப்பவரிடமும் அதே கருவி இருந்தால்தானே முகம் பார்க்க முடியும்? வாங்கியவர்கள் மிகச் சிலர், சில ஆண்டுகளில் சேவையே நின்றுபோனது. எனவே எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று கேட்க மாணவர்களைப் பழக்குங்கள். அந்தக் கேள்வி ஆய்வாளரை அவமதிப்பதாகாது.

பதில்: முதுநகர் வாசகர்

நான் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1996-இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாக நம் மாநிலத்தில் ஒருவர் செய்து காட்டியபோது நான் கல்லூரி மாணவன். விடுதி முழுவதும் அதே பேச்சாக இருந்தது. நாங்கள் நம்பினோம் என்பதைவிட, நம்ப விரும்பினோம். அது வழக்காகி, 2016-இல் சென்னையில் சிபிஐ நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிப்பதில் போய் முடிந்தது. பாத்திரத்தைச் செய்து காட்டுபவரே தொடவும், அவரே கிளறவும், அவரே முடிவைச் சொல்லவும் விட்டால் இப்படித்தான் ஆகும். துணிக்குப் பின்னால் ஆளை உட்கார வைத்தவர்களை இனி அழைக்காதீர்கள்.

பதில்: வில்லியனூர் மலர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மேலே எழுதிய இருவரும் இயந்திரமா மனிதரா என்பதையே பேசியிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு பதறியது வேறோர் இடத்தில். "கடலுக்குச் செல்லலாம்" என்று அந்த இளைஞர் தட்டச்சு செய்தாரே, அதை அவருக்குச் சொன்னது யார்? வானிலை அறிக்கையைப் பார்த்து எழுதினாரா, அல்லது அரங்கம் காத்திருக்கிறதே என்று வாயில் வந்ததை எழுதினாரா? கேட்டவள் கடற்கரைப் பிள்ளை. அவளுடைய அப்பா மறுநாள் அதை நம்பிப் படகை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதற்குப் பின்னால் ஓர் அலுவலகம் இருக்கிறது, அந்த எண்ணுக்கு அது பொறுப்பேற்கிறது. மேடையில் வந்த அந்த விடைக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கினார்கள். இணையம் என்ற சொல்லையே எங்களில் பலர் அப்போதுதான் கேள்விப்பட்டோம். பின்னர் அப்படிப்பட்ட மையம் ஒன்றில் நானும் தன்னார்வலராக இருந்தேன். எங்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் ஒரு நாள் வந்து காட்டிவிட்டுப் போகவில்லை. இடத்தை ஊரார் வாடகையின்றித் தர வேண்டும், என்ன தகவல் வேண்டும் என்பதையும் ஊராரே சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் வேலை தொடங்கியது. தொலைபேசி இணைப்பு சரியாக இல்லாத ஊர்களுக்கு வில்லியனூரிலிருந்து கம்பியில்லாத் தொடர்பில் தகவல் போனது. மின்வெட்டுக்குச் சூரிய மின்சாரம் துணை இருந்தது.

வீராம்பட்டினத்து மீனவர்கள் கேட்டது அலையின் உயரத்தை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த முன்கணிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, ஊரில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அதை வாசிக்க உட்காரும்போது கை எப்படி நடுங்கும் என்பது எனக்குத் தெரியும். எண்ணைத் தாளில் எழுதி, இருமுறை சரிபார்த்து, கரையிலிருந்து எவ்வளவு தொலைவுக்கு எந்த அலை, எத்தனை மணி வரை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தெரியாததை ஒருபோதும் வாசிக்கக் கூடாது. தகவல் வரவில்லை என்றால் "இன்று தகவல் வரவில்லை" என்றே அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்த நாள்களால்தான் மற்ற நாள்களில் எங்கள் குரலை நம்பினார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று என்ன நடந்தது என்பது எங்கள் கடற்கரை முழுவதும் தெரியும். நல்லவாடு ஊரைச் சேர்ந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, அந்த ஊரின் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். அங்கே வியப்பூட்டும் கருவி ஒன்றுமில்லை. ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும்தான் இருந்தன. ஆனால் அந்த ஒலிபெருக்கியில் வரும் குரல் பொய் சொல்லாது என்ற பழக்கம் பல ஆண்டுகளாக ஊரில் இருந்தது. உங்கள் மாணவி அரங்கில் பார்த்த காட்சி அந்தப் பழக்கத்தைக் கெடுப்பது, அதனால்தான் எனக்கு இத்தனை வருத்தம்.

ஏற்பாட்டுக்கு ஒரு யோசனை உண்டு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் வைத்தால் படகுக்காரர்களே வந்து உட்காருவார்கள். காற்றுகளைக் கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று அவர்கள் வாயிலிருந்து வரும் சொற்களைக் கருவி புரிந்துகொள்கிறதா என்று அவர்கள் முன்னாலேயே பார்த்துவிடலாம்.

பதில்: பண்ருட்டி முந்திரித் தோப்பு

டிரோன் வருகிறது என்று எழுதியிருப்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேளாண்மையில் செயல்விளக்கத் திடல் என்பது எங்களுக்குப் பழகிய சொல். ஒருவருடைய நிலத்தில் பாதியில் புதிய முறை, பாதியில் வழக்கமான முறை. பருவம் முழுவதும் வரப்பில் போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் பக்கம் டிரோன் காட்ட வந்தவர்கள் காற்றில்லாத காலை நேரமாகப் பார்த்து, குட்டையான மணிலாப் பயிரின் மேல் வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் மரங்களோ இருபது அடி உயரம்.

பிறகு வந்த வேறொரு குழுவிடம் நான் நீருணர் தாள் கேட்டு வாங்கினேன். அது மஞ்சள் நிறத்தில் இருக்கும், துளி பட்ட இடம் மட்டும் நீலமாகும். மரத்தின் உச்சியில் இரண்டு, நடுவில் இரண்டு, அடித்தண்டில் இரண்டு என்று குண்டூசியால் குத்திவைத்துத் தெளிக்கச் சொன்னேன். உச்சியில் இருந்த தாள்கள் நீலம் பூத்துக் கிடந்தன. நடுவில் இருந்தவற்றில் அம்மைத் தழும்பு போல ஆங்காங்கே புள்ளி. அடித்தண்டுத் தாள்கள் கடையிலிருந்து வந்தபடியே மஞ்சளாக இருந்தன. இதனால் டிரோன் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். தேயிலைக் கொசு தாக்குவது வெளிப்புறத்துத் தளிரையும் பூங்கொத்தையும்தான், அதற்கு மேலிருந்து படுவது உதவும். அடிமரத்தில் இருக்கும் தண்டுத் துளைப்பானுக்கு உதவாது. ஆறு தாள்கள் எனக்குச் சொன்ன இந்தச் செய்தியைக் கைதட்டு வாங்கிய காட்சி சொல்லவே இல்லை. கையால் அடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை போகிற மருந்துநீர், டிரோனில் 10 லிட்டரில் முடிகிறது. அவ்வளவு செறிவான துளி காற்றில் பக்கத்துத் தோப்புக்கோ கிணற்றுக்கோ போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மேடையிலேயே கேளுங்கள்.

இன்னும் ஒன்று. 1903-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊரில் சீமன் நாப் என்பவர் செயல்விளக்கப் பண்ணை நடத்தியபோது, அதை அரசு நிலத்தில் நடத்தவில்லை. போர்ட்டர் என்ற விவசாயி தம் சொந்த நிலத்தில் தம் கையாலேயே செய்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் ஒரு நிதி சேர்த்து வைத்தார்கள். செய்து காட்டுவதன் இழப்பைப் பார்க்க வந்தவர் தலையில் ஏற்றக் கூடாது என்பதை அன்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

பதில்: காலாப்பட்டு ஆய்வு மாணவி

நான் பேச்சுத் தொழில்நுட்பத்தில் ஆய்வு செய்கிறேன். நானும் மேடையில் செய்து காட்டியிருக்கிறேன். முதுநகர் ஐயா சொன்னதுபோல் அவர்களை அழைக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் தொலைபேசியில் சொன்ன காரணம் பாதிதான் உண்மை.

மனிதர் மறைந்திருந்து இயந்திரம்போல் விடையளிக்கும் முறை ஆய்வில் உண்டு. பேசினால் எழுதும் தட்டச்சு இயந்திரம் இருந்தால் மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று அறிய, ஐபிஎம் ஆய்வாளர்கள் மறைவில் ஒரு தட்டச்சரை வைத்துச் சோதித்து, 1983-இல் அதை வெளியிட்டார்கள். இயந்திரத்தைச் செய்வதற்கு முன்பே அது எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இது அருமையான வழி. ஆனால் அங்கே ஆராயப்படுவது மனிதரின் நடத்தையே. கட்டுரையின் தலைப்பிலேயே அது போலச் செய்த இயந்திரம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் அப்படிச் சோதனை நடத்தினால், பங்கேற்றவர்களிடம் முடிவில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பொதுமக்கள் முன்னால், இயந்திரத்தின் திறமை இது என்று காட்டும் மேடைக்கு அந்த முறையை எடுத்து வருவதும், முடிந்த பிறகும் சொல்லாமல் போவதும் ஆய்வு முறை ஆகாது.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. தமிழ்ப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மென்பொருள்கள் பெரும்பாலும் செய்தி வாசிப்பு போன்ற எழுத்துத் தமிழைக் கேட்டே பழகியவை. அரங்கின் எதிரொலியில், மின்விசிறி இரைச்சலில், ஒரு கடற்கரைச் சிறுமியின் பேச்சில் "கொண்டல்" வந்தால் அது "கொண்டால்" என்று எழுதிவிட்டு நிற்கும். எனக்கே அது நடந்தது. சென்ற ஆண்டு என் கருவி மூன்று முறை தவறாகக் கேட்டது. நான்காவது முறை நான் மைக்கை வாங்கி, "இதற்கு உங்கள் ஊர்ப் பேச்சு தெரியவில்லை, இது இன்னும் கற்கவில்லை" என்றேன். அதன்பின் அரைமணி நேரம் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு தங்கள் ஊர்ச் சொற்களைச் சொல்லிச் சொல்லி, எது புரிகிறது எது புரியவில்லை என்று திரையில் பார்த்தார்கள். அன்றைக்குக் கிடைத்த சொற்பட்டியல் என் ஆய்வில் இன்றும் பயன்படுகிறது. தடுமாறும் கருவியைத் தடுமாறுகிறபடியே காட்டினால் கூட்டம் கலைந்துவிடும் என்ற அச்சம் வீண்.

உங்கள் ஏற்பாட்டில், கருவியை இயக்குபவரின் மேசையைப் பார்வையாளர் கண்ணில் படும்படி வைக்கச் சொல்லுங்கள். பதிவு செய்த காணொளியைக் காட்டினால் "பதிவு" என்று திரையின் மூலையில் எழுதட்டும். முதல் கேள்வியைக் குழுவினர் கேட்க வேண்டாம், ஊரார் கேட்கட்டும். வானிலை, மருத்துவம் போன்ற கேள்விகளுக்குக் கருவி எங்கிருந்து விடை எடுக்கிறது என்று தொடக்கத்திலேயே அறிவிக்கட்டும். எடுக்க இடமில்லை என்றால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும்படி அதை அமைக்கட்டும். வில்லியனூர் அம்மா எழுதிய "இன்று தகவல் வரவில்லை" என்ற அறிவிப்பை நான் என் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பதில்: மஞ்சக்குப்பம் ஆசிரியர்

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. வில்லியனூர் அம்மா சொன்னதைப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நானும் அந்த விடைக்குக் கைதட்டியவன். அந்த விடை யாருடையது என்று அவள் கேட்டாள். அது சரியா என்று நான் கேட்கக்கூட இல்லை. நேற்று அந்த மாணவியை அழைத்து, "பேசியது அந்த அண்ணன்தான்; நீ பார்த்தது சரி; அதை அன்றே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும், நானும் அன்றே விசாரித்து உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். அவள் அப்பா மறுநாள் கடலுக்குப் போனாரா என்றும் கேட்டேன். போகவில்லையாம், வலை பழுது பார்க்கும் வேலை இருந்ததாம்.

பள்ளி திறந்த பின், தடைக்காலம் முடிவதற்குள், ஜூன் இரண்டாம் வாரத்தில் நிகழ்ச்சியை வைப்பதென்று ஏற்பாட்டுக் குழுவில் பேசி முடித்துவிட்டோம். தேவனாம்பட்டினம் பஞ்சாயத்தாரிடமும் சொல்லியாயிற்று. இயக்குபவரின் மேசை மேடையின் நடுவில் இருக்கும். வரும் குழுவினர் இதற்கு ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கருவி காதில் வாங்கியது என்ன என்பது பெரிய திரையில் எழுத்தாக ஓடும். அந்த மாணவி மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு விடைக்கும் அது கருவி சொன்னதா மனிதர் சொன்னதா என்று கரும்பலகையில் குறிக்கப் போகிறாள். டிரோனுக்குப் பள்ளியின் பின்புறம் உள்ள வேப்பமரத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறோம், வெறும் தண்ணீர்தான் தெளிக்கப்படும்.

பண்ருட்டி ஐயா, அந்த மஞ்சள் தாளைக் கடலூரில் இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லை. உங்களிடம் மிச்சம் இருந்தால் பன்னிரண்டு தாள்கள் தர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை நானே பண்ருட்டிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.